கைகோத்துக் கடல் பார்க்கப் போன செயற்குழு

ஒரே ஒரு ஊரில் நாலு முட்டாள்கள் இருந்தார்கள் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்த நாலு பேரும் எங்கள் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்கள். முறைப்படி, போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதனால் பதவியைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

கோணமங்கலம் அரிசி ஆலைச் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கம். தலைவர் நான். துணைத் தலைவர் தேசிங்கு. மற்ற மூவர் கலியபெருமாள், மண்ணாங்கட்டி, பாவாடை. பாவாடை என்பது எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர்தான். பட்டணத்து வாசகர்கள் சிரித்து முடித்துவிட்டால் மேலே போகலாம்.

கலியபெருமாள் எதையும் ஆதரிப்பவர். தீர்மானத்தை நான் வாசித்து முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவார். மண்ணாங்கட்டி எதையும் எதிர்ப்பவர். ஒருமுறை இரங்கல் தீர்மானத்தை எதிர்த்தார். செத்தவர் மீது என்ன கோபம் என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை, கூட்டம் என்றால் எதிர்ப்பு பதிவாக வேண்டும் என்றார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர் எதிர்த்த தீர்மானம் ஒன்றுகூடத் தோற்றதில்லை. மூன்று கை மேலே, அவர் கை தனியே. அப்படியும் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. கொள்கைப்பிடிப்பு என்றால் இதுதான்.

தேசிங்கு விதிமுறைப் பிரியர். சங்க விதிகள் அவருக்கு மனப்பாடம். பொருள் தெரியுமா என்று மட்டும் கேட்கக்கூடாது.

பாவாடைக்கு முதுகு போய்விட்டது. முன்பெல்லாம் எங்கள் ஆலையில் மூட்டை நூறு கிலோ. அந்த நூறுதான் அவருடைய முதுகெலும்பில் ஏதோ ஒரு தட்டை நகர்த்திவிட்டது. வேலை முடிந்ததும் ஆலை வாசலிலேயே தரையில் நீட்டிப் படுத்து, வானத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பார். போராடி எடையை எழுபத்தைந்துக்குக் கொண்டுவந்தோம். அதனால்தான் இன்னும் வேலைக்கு வருகிறார். நூறு திரும்பி வந்தால் முதல் நாளே விழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். பாவாடைக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலை வாசலில் இவர்களை உட்காரவைத்து, நான் வரும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். தேநீர்க் கடையிலேயே என்னைக் கைது செய்து கொண்டுபோய்விட்டார்கள். நான் வெளியே வரும்வரை இவர்கள் எழுந்திருக்கவில்லை. மழை பெய்தது, எழுந்திருக்கவில்லை. ஆலை வாசலில் சாக்கடை நிரம்பி மேலே வந்தது, எழுந்திருக்கவில்லை. லாரி எதுவும் உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. முதலாளி குணபூஷணம் இறங்கி வந்து எழுபத்தைந்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். படித்தவர்கள் இதைத் தொழிலாளி வர்க்கத்தின் உறுதி என்று எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் எழுந்திருங்கள் என்று நான் சொன்ன பிறகும், எந்தப் பக்கமாக எழுந்திருப்பது என்று இவர்கள் கேட்டதை யாரும் எழுதவில்லை.

அந்த ஒப்பந்தம் முடியப்போகிற மாதத்தில் எனக்கு வலது கால் முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் போட்ட ஈரம் காய்வதற்குள் முதலாளியிடமிருந்து ஆள் வந்துவிட்டது. செயற்குழுவைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஊரைச் சுற்றிக் காட்டி, நல்ல ஓட்டலில் மதியச் சாப்பாடு போட்டு, அங்கேயே புதிய எடையைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. சோறு போட்டு வாங்கிய சம்மதங்களை என் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரியாணியில் கரைந்துபோன சங்கங்கள் இந்த மாவட்டத்தில் குறைந்தது மூன்று இருக்கும். ஆனால் போக மாட்டோம் என்றால், பேசக் கூப்பிட்டும் வரவில்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

ஆகவே நாலு பேரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்துச் சொன்னேன். போன தடவை திருச்சி மாநாட்டில் கூட்டத்தில் தொலைந்து, வேறொரு கட்சி ஊர்வலத்தில் போய் முழக்கம் போட்டுவிட்டு வந்தீர்கள். அதனால் ஊர் திரும்பும்வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே இருங்கள், விடாதீர்கள். யார் என்ன கேட்டாலும் தனியாளாகப் பதில் சொல்லாதீர்கள். கூடிப் பேசி, கை தூக்கி வாக்கெடுத்து, அப்புறம்தான் சொல்ல வேண்டும். கொடியைக் கீழே வைக்கக்கூடாது.

தெளிவாகத்தான் சொன்னேன். சுவரில் சாய்ந்திருந்த என் மனைவி மட்டும், "இவங்ககிட்ட இவ்ளோ தெளிவா சொல்லாதீங்க" என்றாள்.

இனி வருவதெல்லாம் வேன் ஓட்டுநர் சொன்னதும், அவர்களே பெருமையாகச் சொன்னதும்.

புதுச்சேரியில் அவர்களுக்காக பெர்னார் என்றொரு வழிகாட்டி காத்திருந்தார். நாலு பேரும் கைகோத்தபடியே வேனிலிருந்து இறங்கினார்கள். ஒரு கோடியில் தேசிங்கு. அவருடைய வெளிக்கையில் கொடி. அடுத்து கலியபெருமாள், பாவாடை. மறுகோடியில் மண்ணாங்கட்டி, அவருடைய வெளிக்கையில் எல்லோருடைய மாற்று வேட்டிகளும் இருந்த பை. ஆக, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கைகூடச் சும்மா இல்லை.

பெர்னார் நல்ல மனிதர். சிரித்தபடி, "முதல்ல கடலைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

கேள்வி கேட்டுவிட்டாரல்லவா? செயற்குழு அங்கேயே நடைபாதையில் கூடியது. கடலைப் பார்ப்பதை ஆதரிப்போர் கை தூக்கலாம் என்றார் தேசிங்கு. கலியபெருமாள் தூக்கினார். அவர் கையோடு தேசிங்குவின் கையும் பாவாடையின் கையும் எழும்பின. பாவாடையின் கையோடு மண்ணாங்கட்டியின் கையும் எழும்பியது. ஏகமனதாக நிறைவேறியது.

எதிர்ப்போர் என்றார் தேசிங்கு. மண்ணாங்கட்டி வழக்கம்போலத் தூக்கினார். அவர் கையோடு பாவாடையின் கை, பாவாடையின் கையோடு கலியபெருமாளின் கை, அதோடு தேசிங்குவின் கை. எல்லாக் கைகளும் மேலே.

 தன்னுடைய எதிர்ப்போடு மூன்று கைகள் கூட நிற்பதை மண்ணாங்கட்டி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டதாக ஓட்டுநர் சொன்னார்.

தேசிங்கு யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "தோழர்களே, முதல்ல நாம எல்லாரும் ஆதரிச்சோம். அதுக்கப்புறம் எல்லாருமே மனசு மாறி எதிர்த்துட்டோம். மனசு மாறினப்புறம் பழைய மனசப் போயி கேக்க முடியாது. கடல் நிராகரிக்கப்படுது. விதிப்படி, நிராகரிச்சதை ஒரு வருஷத்துக்கு மறுபடி கொண்டுவரக் கூடாது."

ஆகவே அவர்கள் கடற்கரைச் சாலை முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டடங்களைப் பார்த்தபடி நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார்கள். பின்னால் அலை அடித்துக்கொண்டே இருந்தது. பாவாடைக்கு மனசு கேட்கவில்லை. கலியபெருமாளின் காதில், "மாமா, பாக்கத்தான கூடாது. சத்தத்தக் கேக்கலாமா?" என்றார்.

"வாய மூடு. தேசிங்கு காதுல வுழுந்தா அதையும் ஓட்டுக்கு வுட்டுருவாரு" என்றார் கலியபெருமாள்.

பக்கவாட்டில் நடந்ததால் ஒரு விளக்குக் கம்பத்தைக் கவனிக்கவில்லை. தேசிங்குவும் கலியபெருமாளும் இந்தப் பக்கம், பாவாடையும் மண்ணாங்கட்டியும் அந்தப் பக்கம், நடுவில் கம்பம். கையை விட முடியாது. நடந்ததை ஆராய்ந்தார்கள். நாம் நேராகத்தான் வந்தோம், குறுக்கே வந்தது கம்பம்தான், ஆகவே விலகிக்கொள்ள வேண்டியதும் அதுதான் என்று முடிவாயிற்று. கம்பத்துக்கு அவகாசம் கொடுத்துக் காத்திருந்தார்கள். பால்கோவா விற்பவர், பலூன் விற்பவர் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பெர்னார் மண்ணாங்கட்டியின் பையைப் பிடித்து வந்த வழியே இழுத்து, எல்லோரையும் ஒரே பக்கமாகக் கொண்டுவந்தார். கம்பம் பணிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை தேசிங்கு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் பெர்னார் பாடம் கற்றுவிட்டார். கேள்வியே கேட்காமல், "இது பழைய கலங்கரை விளக்கம்" என்று மட்டும் காட்டினார்.

ஏன் எரியவில்லை என்று கலியபெருமாள் கேட்டார். அது எரிந்து ரொம்ப வருஷமாகிறது என்றார் பெர்னார்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக, தனியாக, ஒரு நாள்கூட வேலைக்குத் திரும்பாமல் நிற்கிறதென்றால் அது சாதாரண வேலைநிறுத்தம் இல்லை. தேசிங்கு கொடியை உயர்த்தினார். கலங்கரை விளக்கத்தின் கோரிக்கைகளை உடனே நிறைவேற்று என்று முழக்கம் போட்டார்கள். பக்கத்தில் சுற்றுலா வந்திருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று, இது இந்த ஊர்ச் சடங்கு என்று நினைத்துக் கைகூப்பியது. உண்மையைச் சொன்னால், எங்கள் சங்கம் வெளியூரில் நடத்திய ஒரே ஆதரவுப் போராட்டம் இதுதான்.

மதியம் ஓட்டலுக்குப் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்து மாளிகை. மஞ்சள் சுவர், உயரமான சன்னல்கள், மேசைமேல் வெள்ளைத் துணி. வேலைக்காரர்கள் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. குணபூஷணம் முன்னமே வந்து ஒரு நீள மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கத்தில் நாலு பேரும் கைகோத்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள். கொடி தேசிங்குவின் கையில் நின்றது. அதன் நுனி மேலே தொங்கிய கண்ணாடி விளக்கில் பட்டு, பேசும்போதெல்லாம் கிணுகிணு என்று மணி அடித்தது.

"வாங்கப்பா, வாங்க. இன்னிக்கு நீங்க என் விருந்தாளிங்க. வயிறார சாப்புடுங்க. அப்புறமா சின்னதா ஒரு பேச்சு" என்றார் முதலாளி.

பரிமாறுபவர் பெயர் அந்துவான். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கறுப்புப் பட்டி. குனிந்து மெதுவாக, குடிக்கச் சாதாரணத் தண்ணீரா அல்லது குமிழி விடும் தண்ணீரா என்று கேட்டார்.

இரண்டும் தனித்தனித் தீர்மானம் என்றார் தேசிங்கு. குமிழித் தண்ணீர் ஏகமனதாக நிறைவேறியது, ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. சாதாரணத் தண்ணீருக்கும் அதே கதி. விளக்கு கிணுகிணுத்தது.

அப்படியானால் ஒரு வருஷத்துக்குத் தண்ணீரே குடிக்க மாட்டீர்களா என்று முதலாளி கேட்டார்.

"இந்த ஓட்டல் தண்ணி மட்டுந்தான் மொதலாளி. தீர்மானத்த அளவுக்கு மீறி விரிக்கக் கூடாது" என்றார் தேசிங்கு.

சூப் வந்தது, அந்துவான் கேட்டார், போயிற்று. ரொட்டி வந்தது, போயிற்று. இறால் வந்தபோது கலியபெருமாளின் கை அந்துவான் வாயைத் திறப்பதற்கு முன்பே எழும்பிவிட்டது. அதனாலும் பயனில்லை. மண்ணாங்கட்டி தன் வாழ்க்கையின் பொற்காலத்தில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் தன் கையோடு எழும்பும் கைகளைத் திரும்பிப் பார்த்து, தலையசைத்து ஏற்றுக்கொண்டார். இறால் அடுத்த மேசைக்குப் போவதை கலியபெருமாள் கடைசிவரை பார்த்தார். அன்றைக்கு ஆதரித்தவர்களிலேயே மனப்பூர்வமாக ஆதரித்தவர் அவர்தான்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், கேக்காத. கொண்டாந்து வையி" என்றார் அந்துவானிடம்.

அந்துவான் கேட்காமல் வைத்தார். நாலு பேர் முன்னாலும் அகலமான வெள்ளைத் தட்டு. தட்டின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீன் துண்டு, அதன்மேல் ஒரு பச்சை இலை. ஓரத்தில் ஏதோ ஒரு குழம்பை விரலால் இழுத்ததுபோல ஒரு கோடு.

நாலு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

"கழுவாத தட்டு" என்றார் பாவாடை.

"கழுவாதது இல்லடா. நமக்கு முன்னாடி யாரோ சாப்ட்டுக்கினு இருந்திருக்காரு. மீதி வச்சிட்டுக் கை கழுவப் போயிருக்காரு. வந்துருவாரு" என்றார் கலியபெருமாள்.

நாலு தட்டிலும் ஒரே மாதிரியா மீதி வைப்பார்கள் என்று மண்ணாங்கட்டி கேட்டார். ஒரே சங்கத்து ஆட்களாக இருக்கும் என்றார் தேசிங்கு. அது நியாயமாகப் பட்டது. வேறொரு சங்கத்துத் தோழர்களின் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது என்பதால், அவர்கள் திரும்பி வரும்வரை தட்டுகளுக்குக் காவல் இருந்தார்கள். ஒரு ஈ வந்தது. கை இல்லாததால் நாலு பேரும் சேர்ந்து ஊதினார்கள்.

முதலாளி தன் தட்டைத் தனியாகச் சாப்பிட்டு முடித்தார். சாப்பிட்டுக்கொண்டே இவர்களைக் கவனித்தார். அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், முட்டாள் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்டாலும் கடைசியில் இல்லை என்று முடிகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தேனொழுகும் குரலில் சொன்னார்.

"தேசிங்கு, நான் உங்களக் கஷ்டப்படுத்த விரும்பல. பாவாடை முதுகு எனக்குத் தெரியாதா? நூறுன்னு நான் கேக்கவே இல்ல. மூட்டை எழுபத்தஞ்சாவே தொடரட்டும். இதத் தீர்மானமா வையி."

பாவாடையின் முகம் மலர்ந்தது. முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட நினைத்தார், கை இல்லை. தலையை மட்டும் தாழ்த்தினார்.

எழுபத்தைந்தை ஆதரிப்போர் என்றார் தேசிங்கு. இந்தத் தடவை பாவாடையே முந்திக்கொண்டார். எல்லாக் கைகளும் மேலே. எதிர்ப்போர் என்றார். மண்ணாங்கட்டி தூக்கினார். எல்லாக் கைகளும் மேலே.

தன் கை தன் தலைக்கு மேல் நிற்பதைப் பாவாடை அண்ணாந்து பார்த்தார். "எறக்குடா மண்ணாங்கட்டி" என்றார் மெதுவாக. அது என் உரிமை என்றார் மண்ணாங்கட்டி.

எழுபத்தைந்து நிராகரிக்கப்பட்டதாகத் தேசிங்கு அறிவித்தார். போராடி வாங்கிய எழுபத்தைந்து. சாக்கடைத் தண்ணீரில் உட்கார்ந்து வாங்கிய எழுபத்தைந்து. வெள்ளைத் துணி விரித்த மேசையில், சாப்பிடாத ஒரு மீன் துண்டுக்கு எதிரே அது போயிற்று.  முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளக்கூடப் பாவாடைக்குக் கை இல்லை.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "நல்லது. எழுபத்தஞ்சு வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப பழையபடி நூறுதான்."

"இல்ல மொதலாளி. நூறு தனித் தீர்மானம்" என்ற தேசிங்கு, அவர் அடுத்து வாய் திறப்பதற்குள் நூறை வாக்குக்கு விட்டுவிட்டார். கலியபெருமாள் ஆதரித்தார், மண்ணாங்கட்டி எதிர்த்தார். நூறும் ஓராண்டுக்குப் போயிற்று.

இப்போதுதான் குணபூஷணத்துக்கு வியர்த்தது. நூறும் இல்லை, எழுபத்தைந்தும் இல்லை. மறுநாள் காலையில் வெளியூர் லாரிகள் வருகின்றன. இவர்கள் தொட மாட்டோம் என்று சொன்னால் தொட மாட்டார்கள் என்பது அவருக்கு மழையில் தெரிந்த விஷயம். இருந்தும் புத்தி வேலை செய்தது. தொண்ணூறு கிலோ கூடாது என்று ஒரு தீர்மானம் வை என்றார். அது நிராகரிக்கப்பட்டால் தொண்ணூறு வந்துவிடுமே என்ற கணக்கு.

தேசிங்கு வருத்தத்தோடு தலையாட்டினார். "வேணும்னுதான் தீர்மானம் கொண்டாரலாம் மொதலாளி. கூடாதுன்றது மண்ணாங்கட்டியோட வேல. அவரு வேலய நாம புடுங்கக் கூடாது."

பிறகு நடந்தது ஏலம். தொண்ணூறு என்றார் முதலாளி, போயிற்று. எண்பது, போயிற்று. எழுபது என்றார்.  அறுபது என்றார். கைகள் ஏறி இறங்க, விளக்கு கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அந்துவான் மூன்று தடவை வந்துவிட்டுப் போனார். ஐம்பது என்றார் முதலாளி. கிட்டத்தட்டக் கெஞ்சினார். ஐம்பதும் ஏகமனதாக நிறைவேறி, ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. அதற்குக் கீழே ஓர் எடை இருக்கிறது என்ற நினைப்பே மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை. அவர் நிறுத்திவிட்டார்.

கூட்டம் இனிதே முடிந்தது என்றார் தேசிங்கு. கிளம்பும்போது கலியபெருமாள் அந்துவானிடம், கை கழுவப் போனவர்கள் வந்தால் தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் நாலு பேரும் சொன்னபடி கையை விட்டார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். பசியில் தேசிங்குவைத் தவிர ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. நடந்ததைத் தேசிங்கு விதிமுறைகளோடு ஒப்பித்தார். எழுபத்தைந்து போன இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். போராட்டத்தை விலைக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்து விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கை பிடித்திருந்ததால் விட்டவர்களை அன்றுதான் பார்த்தேன். பாவாடை அதற்குள் என் வீட்டுத் தரையில் நீட்டிப் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் கார் நின்றது. குணபூஷணம் முதல் தடவையாக என் வீட்டுக்குள் குனிந்து வந்தார். காலையில் லாரிகள் வந்து நிற்கும், எந்த எடையானாலும் சரி, மூட்டையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார்.

எந்தெந்த எடை வாக்குக்கு வந்தது என்று தேசிங்குவைக் கேட்டேன். நூறிலிருந்து ஐம்பது வரை சொன்னார்.

"நாற்பது?" என்றேன்.

"நாப்பத யாரும் கொண்டாரலியே தலைவரே."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் மாவுக்கட்டைப் பார்த்தேன். அவர் சரி என்றார்.

அங்கேயே வாக்கெடுத்தோம். இப்போது எல்லோருக்கும் கை சொந்தக் கை. ஆதரித்து மூன்று கைகள். எதிர்த்து மண்ணாங்கட்டியின் கை மட்டும் தனியே நின்றது. அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பாதி நாள் அனுபவித்த பெருமை அதோடு முடிந்தது.

நாற்பது கிலோ. இந்த மாவட்டத்தில் எந்தச் சங்கமும் வாங்காத எடை. ஊர்வலம் போனவர்கள் வாங்கவில்லை, உண்ணாவிரதம் இருந்தவர்கள் வாங்கவில்லை, பத்திரிகையில் படம் வந்தவர்கள் வாங்கவில்லை. எங்கள் செயற்குழு வாங்கியது. என் மனைவி போட்ட சோற்றை அவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டே, கடைசியாக ஒரு கட்டளை சொன்னேன். நாளையிலிருந்து நாற்பது கிலோ மூட்டையைத்தான் தொட வேண்டும், அதற்கு மேல் ஒரு கிலோ இருந்தாலும் அந்த மூட்டையைத் தொடக்கூடாது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கவனிக்கவில்லை.

விடிந்ததும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் ஆலை முற்றத்தில் வைக்கச் சொன்னேன். பார்க்க வேண்டாமா? லாரிகள் நின்றன. முதலாளி அலுவலக வாசலில், காப்பி டம்ளரோடு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றிருந்தார். புதிதாகக் கட்டிய நாற்பது கிலோ மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, பிள்ளைகள்போலச் சின்னச் சின்னதாக.

ஏற்றிவிட இரண்டு பேர் இல்லாமல் யாரும் சுமை எடுக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். கலியபெருமாளும் மண்ணாங்கட்டியும் ஆளுக்கொரு முனை பிடித்து முதல் மூட்டையைப் பாவாடையின் முதுகில் வைத்தார்கள்.

பாவாடை நகரவில்லை. அப்படியே குனிந்து நின்றார். முதுகு பிடித்துக்கொண்டதோ என்று நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பிறகு அவர் தலையைத் திருப்பி அவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் தேசிங்குவைப் பார்த்தார்கள். தேசிங்கு அடுக்குக்குப் போய் அடுத்த மூட்டையை எடைபோட்டுப் பார்த்தார். சரியாக நாற்பது. விதிமீறல் எதுவும் இல்லை என்று தலையாட்டினார். இரண்டு பேரும் அதையும் தூக்கி முதல் மூட்டைக்கு மேல் வைத்தார்கள்.

அலுவலக வாசலில் முதலாளி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

கால்கள் வளைய, கழுத்து நரம்பு புடைக்க, பாவாடை தள்ளாடித் தள்ளாடி என் நாற்காலியைக் கடந்து லாரிக்குப் போனார். போகிற போக்கில், மூட்டைகளுக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தலைவரே, நாப்பது ரொம்ப நல்லாருக்கு. இப்பத்தான் ரெண்டா தூக்க முடியுது."